நுயேவின் பலம் எங்கே இருக்கிறது?

கேள்வி – மே 9

போருதோ என்ற நிஞ்ஜா அனிமேயின் (ஜப்பானிய அசைபடத் தொடர்) அகாடமி பகுதியை இப்போதுதான் பார்த்து முடித்தேன். நுயே என்று ஒரு மிருகத்துக்கு அத்தனை பில்டப். நாலு மிருகத்தின் உறுப்பை ஒட்டவைத்தால் பலம் வந்துவிடுமா? குராமா, கியூகி மாதிரி ராட்சச வால்மிருகம் ஒன்று பிஜூதாமா என்ற சக்திக் குண்டை ஒரே ஒரு தடவை விட்டால் கதை முடிந்தது. இதைப் போய் ஏன் எல்லோரும் பயங்கரமான மிருகம் என்கிறார்கள்?

மே 9, இரவு

பிஜூதாமா கணக்குப் போட்டால் நீங்கள் சொல்வது சரி. நேருக்கு நேர் நின்றால் வால்மிருகங்கள் முன் நுயே தாங்காது. ஆனால் நேருக்கு நேர் நிற்பது நுயேவின் வேலையே இல்லை.

அந்தப் பகுதியில் நடப்பதை வரிசையாக யோசித்துப் பாருங்கள். மனதில் ஏதோ ஒரு கோபத்தையோ பொறாமையையோ அடக்கி வைத்திருப்பவன் மேல் ஒரு கரிய நிழல் ஒட்டுகிறது. அடக்கி வைத்தது பொங்குகிறது. அவன் என்னென்னவோ செய்கிறான், பிறகு நினைவில்லாமல் விழுகிறான். அவனுடைய சக்ரா, அதாவது நிஞ்ஜாவின் உள்சக்தி, நிழலோடு போய்விடுகிறது. இப்படி ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் நுயே உடம்பெடுக்கிறது. கதை நடக்கும் கொனோஹா, ஊர்த்தலைவரான ஹொகாகே இருக்கும் ஊர், சக்ராவை உணரும் சென்சார் நிஞ்ஜாக்கள் இருக்கும் ஊர். அத்தனை பேர் இருந்தும் அந்த நிழலைப் பார்த்தது கதாநாயகன் போருதோவின் வலது கண் ஒன்றுதான்.

குராமா ஊருக்குள் வந்தால் அடுத்த நிமிடமே எல்லோருக்கும் தெரியும், ஆளுக்கொரு பக்கம் ஓடலாம். நுயே வந்தால் வந்ததே தெரியாது.

மே 10

நேற்று எழுதியதை அப்படியே விட மனமில்லை. இந்த மிருகம் அனிமேக்காரர்கள் உட்கார்ந்து உருவாக்கியது இல்லை. ஹெய்கே மொனொகதாரி என்ற போர்க் காவியத்தின் நான்காம் புத்தகத்தில் நுயேவுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கதை நடப்பது கியோத்தோவில், 1151க்கும் 1154க்கும் இடையில். அரசர் கொனோயே 1139இல் பிறந்தவர், அப்போது பதின்ம வயதுப் பையன். ஒவ்வொரு இரவும் இரண்டு மணி வாக்கில் தோசன்ஜோ காட்டுப் பக்கமிருந்து ஒரு கரிய மேகம் கிளம்பி வந்து அரண்மனைக் கூரைமேல் கவியும். உடனே பையனுக்கு மூச்சு முட்டும், அலறுவான். பெரிய பெரிய துறவிகளைக் கூட்டி வந்து மந்திரம் ஓதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

அரண்மனைக்காரர்கள் பழைய ஒரு சம்பவத்தைத் தோண்டி எடுத்தார்கள். முன்பு ஹொரிகாவா அரசருக்கு இதே மாதிரி வந்தபோது மினமொத்தோ நோ யோஷியியே வில் நாணைச் சுண்டித் தன் பெயரை உரக்கச் சொன்னாராம், உபத்திரவம் நின்றுவிட்டதாம். ஆகவே இப்போதும் ஒரு வீரனைக் கூப்பிடு என்று மினமொத்தோ நோ யோரிமசாவை அழைத்தார்கள். அவர் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கலகக்காரர்களை அடக்கத்தான் அரசு எங்களை வைத்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத பேயை அடிக்கச் சொல்லி யாருக்கும் உத்தரவு வந்து நான் கேட்டதில்லை. ஆனாலும் அரச கட்டளை, போயாக வேண்டும்.

போகும்போது இரண்டு அம்பு எடுத்துக்கொண்டார். ஒன்று மேகத்துக்கு. அது தவறினால், தன் பெயரைச் சிபாரிசு செய்த மசயோரி என்ற பிரபுவின் கழுத்தெலும்புக்கு இன்னொன்று.

மேகம் வந்தது. உள்ளே ஏதோ அசைவது மட்டும் தெரிந்தது. "நமு ஹச்சிமான்" என்று போர்த் தெய்வத்தை வேண்டிக்கொண்டு இருட்டுக்குள் அம்பை விட்டார். பட்டது. கீழே விழுந்ததை அவருடைய ஆள் இ நோ ஹயத்தா பாய்ந்து பிடித்து ஒன்பது குத்து குத்தினான். அதற்குப் பிறகுதான் தீவட்டி கொண்டு வந்து பார்க்கிறார்கள்: குரங்குத் தலை, தனுக்கியின் உடல், பாம்பு வால், புலியின் கைகால்.

நீங்கள் "நாலு உறுப்பு" என்று சொன்னது பிணத்தின் அடையாளம். உயிரோடு இருந்தவரை அதை ஒருவரும் பார்க்கவில்லை. அரசரை நோயாளியாக்கிய அத்தனை இரவுகளிலும் அதற்கு உருவமே கிடையாது.

மே 10, பின்னிரவு

தனுக்கி என்றால் என்ன என்று கேட்டிருந்தவருக்கு: நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு விலங்கு. கொழுகொழு உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. உருவம் மாறி மனிதரை ஏமாற்றும் என்று ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகள் சொல்லும்.

மே 12

"ஹெய்கேயில் அந்த மிருகத்தின் பெயரே நுயே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அதன் குரல் நுயே போல இருந்தது என்றுதான் அதில் வருகிறது. நுயே ஒரு பறவை. மிருகத்துக்குத் தனியாகப் பெயர் இல்லாததால், நாளடைவில் பறவையின் பெயர் மிருகத்தின்மேல் ஏறிவிட்டது.

இன்றைக்கு அந்தப் பறவையை தொராத்சுகுமி என்கிறார்கள். முப்பது சென்டிமீட்டர் இருக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு உடலில் பிறைப் பிறையாகக் கறுப்புச் செதில் கோலம். காட்டுத் தரையில் சருகைக் கிளறி மண்புழு தின்னும் சாதுவான ஜீவன். நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளிலும் இதன் நெருங்கிய உறவுப் பறவை ஒன்று உண்டு, இரண்டையும் ஒரே இனமாக எண்ணிய காலமும் இருந்தது.

இதன் குரலை நான் கேட்டிருக்கிறேன். ஒசாகாவுக்கு வேலைக்கு வந்த புதிதில் கோயாசான் மலையில் ஒரு கோவில் விடுதியில் தங்கியிருந்தேன். விடியலுக்கு வெகு நேரம் முன்பு விழிப்பு வந்துவிட்டது. வெளியே ஒரு விசில். ஒல்லியாக, நீளமாக, ஒரே சுருதியில் ஒன்று. அப்புறம் அமைதி. பிறகு அதைவிடத் தாழ்ந்த சுருதியில் இன்னொன்று. பறவை என்று தோன்றவே இல்லை. யாரோ தூரத்தில் இருட்டில் நின்று யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். முதல் விசில் இடப்பக்கம் கேட்டது, அடுத்தது எங்கிருந்து வந்தது என்று சொல்லவே முடியவில்லை. கதவைத் திறந்து தாழ்வாரத்துக்கு வந்து நின்றும் பிடிபடவில்லை. காலையில் விடுதித் துறவியிடம் கேட்டபோது பறவையின் பெயரைச் சொல்லிவிட்டு, இரவில் இதைக் கேட்டால் முன்னாட்களில் அபசகுனம் என்பார்கள் என்றார்.

ஹெய்கே எழுதியவர்கள் நான்கு மிருகத்தின் உறுப்புகளைச் சொல்லிவிட்டுக் குரலுக்கு மட்டும் ஏன் இந்தச் சின்னப் பறவையிடம் போனார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. புலி உறுமினால் எந்தத் திசையில் ஓடுவது என்றாவது தெரியும்.

மே 13

இரண்டு பதில்கள், சுருக்கமாக.

யோரிமசா நிஞ்ஜா இல்லை. சாமுராய், அதோடு பெயர்பெற்ற கவிஞர். நாம் நிஞ்ஜா என்று நினைக்கும் இகா, கோகா ஆட்கள் பேர் வாங்கியது அவருக்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகள் கழித்து.

உறுப்புகளின் பட்டியலும் எல்லா நூலிலும் ஒன்றல்ல. கென்பேய் ஜோசுய்கி என்ற இன்னொரு நூலில் முதுகு புலி, கால் தனுக்கி, வால் நரி. தலை குரங்கு என்பதிலும் குரல் நுயே என்பதிலும் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. உறுப்புகள் இடம் மாறினாலும் குரல் மாறவில்லை.

மே 13, இரவு

கோகா என்று எழுதிய பிறகு ஞாபகம் வந்தது. தொடரில் நுயேவை உருவாக்கியவர் போருதோவின் வகுப்புத் தோழி சுமிரேயின் அப்பா, அவர் பெயர் ஷிகராக்கி தனுக்கி. ஷிகராக்கி என்பது ஷிகா மாகாணத்தில் இருக்கும் குயவர் ஊர். வைக்கோல் தொப்பியும் கையில் சாக்கே (அரிசி மது) குடுவையுமாகக் கடைவாசலில் நிற்கும் சுட்டமண் தனுக்கி பொம்மைக்குப் பெயர்போன இடம். அந்த ஊர் 2004 முதல் கோகா நகராட்சியின் ஒரு பகுதி, அதாவது நிஞ்ஜா மண். நுயேவின் உடலும் தனுக்கி. பெயர் வைத்தவர்கள் ஒரு கல்லில் மூன்று மாங்காய் அடித்திருக்கிறார்கள்!

மே 15

சுமிரேயின் முதுகில் இருக்கும் முத்திரை கோசு தென்னோ. பலர் இதை வெறும் ஜுத்சு (நிஞ்ஜா வித்தை) பெயராக எண்ணிக் கடந்துபோகிறார்கள், எனக்கு அதுதான் மொத்தக் கதையின் சாவி.

கோசு தென்னோ மாட்டுத் தலை கொண்ட தெய்வம். கியோத்தோவின் கியோன் பகுதியில் இன்று யாசகா என்று அழைக்கப்படும் ஆலயத்தில் வணங்கப்பட்டவர். கொள்ளைநோயைக் கொண்டு வருபவரும் அவர்தான், கும்பிட்டால் விரட்டுபவரும் அவர்தான். 869இல் ஊரெங்கும் நோய் பரவியபோது நடத்திய சாந்தி வழிபாட்டிலிருந்துதான் கியோன் திருவிழா வளர்ந்தது, இன்றும் ஜூலை மாதம் முழுக்க நடக்கிறது. 1868இல் மெய்ஜி அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது கோசு தென்னோவின் இடத்தில் சுசானோவோ என்ற பெயர் வந்தது. தொடரில் உச்சிஹா குலத்தார் வரவழைக்கும் சுசானோவோ என்ற ராட்சச உருவம் எந்தத் தெய்வத்தின் பெயர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நுயேவின் வேலையை மறுபடி பாருங்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, யார் கண்ணிலும் படாமல், பலவீனமான இடம் பார்த்து ஒட்டிக்கொண்டு பரவுகிறது. அது ஒரு தொற்று. தொற்றை அடைத்து வைத்த பூட்டுக்கு நோய்த் தெய்வத்தின் பெயர். இத்தனை யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

மே 16

"அப்படியானால் அந்த மேகம் எங்கிருந்து வந்தது, யார் அனுப்பியது?" என்ற கேள்வி நல்ல கேள்வி. ஹெய்கே சொல்வதில்லை. ஆனால் அந்தக் காலத்து அரண்மனையைப் பார்த்தால் பையனுக்கு மூச்சு முட்டியதில் ஆச்சரியமே இல்லை.

கொனோயே 1155இல் இறந்துவிட்டார். அதன் பிறகு ஒரு வதந்தி: அத்தாகோ மலையிலிருக்கும் தெங்கு என்ற மலைப்பூதத்தின் சிலைக் கண்ணில் யாரோ ஆணி அடித்துச் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று. பழி இடது அமைச்சர் ஃபுஜிவாரா நோ யோரிநாகாவின்மேல் விழுந்தது. அடுத்த வருடமே, 1156இல், ஹோகென் கலகம். அரச குடும்பம் இரண்டாகப் பிளந்து அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று எதிரெதிரே நின்றார்கள். யோரிநாகா அதில் அம்பு பட்டுச் செத்தார்.

ஹெய்கேயில் நுயே செத்த பிறகு அரசர் ஷிஷியோ என்ற வாளைப் பரிசளிக்கிறார். அதைப் படியில் பாதி இறங்கி வந்து யோரிமசாவின் கையில் கொடுப்பவர் இதே யோரிநாகா. அந்நேரம் ஒரு குயில் கூவ, அதை வைத்து அவர் பாதிக் கவிதை சொல்கிறார், யோரிமசா மீதியை முடிக்கிறார். அழகான காட்சி. ஆனால் வெளியே ஒரு மிருகத்தைக் கொன்றுவிட்டோம் என்று கொண்டாடும் அந்த வீட்டுக்குள்ளேயே எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொனோஹாவும் அப்படித்தான். நுயே எந்த எதிரி நாட்டிலிருந்தும் வரவில்லை. தான்சோ என்பவரின் "வேர்" என்ற ரகசிய அமைப்பு கொனோஹாவுக்காகவே இருட்டில் அழுக்கு வேலைகள் செய்தது. அமைப்பு போன பிறகு அதிலிருந்தவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவர்களில் ஒருவரான சுமிரேயின் அப்பா தன் மகளின் முதுகிலேயே பழிவாங்கலைப் பச்சை குத்திவிட்டுச் செத்தார். ஊர் மறந்துவிட்ட கணக்கு மிருகமாகித் திரும்பி வருகிறது. நுயேவின் பலம் என்று நான் சொல்வது இதைத்தான். வெளியிலிருந்து வந்தால் மதில் கட்டலாம். இது வீட்டுக்குள்ளேயே முளைத்தது.

மே 18

நோ என்ற பழைய ஜப்பானிய முகமூடி நாடகத்தைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விட முடியாது. செயாமி எழுதிய "நுயே". இதில் கதை சொல்வது நுயேதான்.

குமானோவிலிருந்து கியோத்தோவுக்குப் போகும் துறவி ஒருவர் அஷியா கடற்கரையில் இரவு தங்குகிறார். மரத்தைக் குடைந்த படகில் ஒருவன் வருகிறான். பேச்சுவாக்கில் தெரிகிறது, அவன்தான் யோரிமசா கொன்ற மிருகத்தின் ஆவி. செத்த உடலை இப்படி ஒரு படகுக்குள் அடைத்து ஆற்றில் விட்டுவிட்டார்கள். யோதோ ஆற்றில் மிதந்து, அஷியாவின் நாணலில் சிக்கி, வெயிலும் நிலவும் படாமல் அழுகிக் கிடந்தது. யோரிமசாவுக்குப் பேர் கிடைத்தது, எனக்கு இந்தப் படகு கிடைத்தது என்கிறது.

ஒசாகாவில் ஒரு நோ அரங்கில் இதைப் பார்த்தேன். இரண்டாம் பாதியில் நடிகர் சருதொபிதே முகமூடியும் சிவப்பு முடியும் அணிந்து வருகிறார். பொன் பூசிய கண்கள் பிதுங்கி நிற்கும். இந்த இடத்தில் செயாமி ஒரு வேலை செய்திருக்கிறார்: அம்பு விடும் யோரிமசாவையும் அதே நடிகர்தான் நடிக்கிறார், அதே மிருக முகமூடியோடு. வில்லை இழுப்பதும் அவர், அடிபட்டுச் சுருண்டு விழுவதும் அவர். பரிசு வாளை மண்டியிட்டு வாங்கும் இடத்தில், என்னைக் கொன்றவனின் பெருமையை நானே ஆடிக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று அந்த மிருகம் நினைப்பதாக எனக்குப் பட்டது. என் பக்கத்தில் இருந்த வயதான அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டார். நானும் அழுதேன்.

மே 19

படகு எங்கே போய்ச் சேர்ந்தது என்று இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. ஒசாகாவின் மியாகோஜிமா வட்டாரத்தில் வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஆலயமாக நுயேசுகா (நுயேவின் சமாதி மேடு) இருக்கிறது. அஷியாவில் ஹன்ஷின் அஷியா நிலையத்திலிருந்து ஆற்றோரமாகக் கடல் பக்கம் நடந்தால் பைன் மரங்கள் நிறைந்த பூங்கா வரும், அங்கே கல் நிறுத்திய இன்னொரு நுயேசுகா. இரண்டு இடத்திலும் ஒரே காரணம்தான் சொல்கிறார்கள்: கரை ஒதுங்கிய உடலைப் பார்த்துச் சாபம் வந்துவிடுமோ என்று பயந்த ஊர்க்காரர்கள் மரியாதையோடு புதைத்தார்கள். கியோத்தோவில் நிஜோ கோட்டைக்கு வடக்கே யோரிமசா அம்பின் ரத்தத்தைக் கழுவியதாகச் சொல்லும் குளமும் இருக்கிறது.

மியாகோஜிமா ஆலயத்துக்கு வேலை முடிந்து வரும் வழியில் போவேன். ஒருமுறை யாரோ புத்தம்புதிதாக ஒரு கிண்ணம் தண்ணீரும் பூவும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மே 20

யோரிமசாவின் முடிவு என்ன என்று கேட்டவருக்கு. 1180இல், எழுபது தாண்டிய வயதில், அன்று அதிகாரத்தில் இருந்த தாய்ரா குடும்பத்துக்கு எதிராக இளவரசர் மொச்சிஹிதோவோடு சேர்ந்து எழுந்தார். உஜியில் தோற்று, பியோதோயின் ஆலயத்தில் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். ஹெய்கேயில் இந்த எழுச்சிக்குக் காரணமாக ஒரு குதிரை வருகிறது. அவருடைய மகன் நக்கத்சுனாவின் கினோஷிதா என்ற குதிரையை தாய்ரா நோ முனெமோரி பிடுங்கிக்கொண்டு, அதன்மேல் "நக்கத்சுனா" என்றே சூடு போட்டு அவமானப்படுத்தினார். பிற்காலக் கதை ஒன்று, அந்தக் குதிரையே நுயேவின் மறுபிறவி என்கிறது.

சக்ரா, பிஜூதாமா எதுவும் இல்லை. ஒரு குதிரையாக வந்து, ஒரு கோபத்தைக் கிளப்பிவிட்டு, கொன்றவனின் குடும்பத்தையே முடித்துவிட்டது.

மே 22

கியூகியை நான் மட்டம் தட்டுகிறேன் என்று ஒருவருக்கு வருத்தம். இல்லவே இல்லை, எனக்கு ரொம்பப் பிடித்த வால்மிருகம் அவர்தான். மாட்டுத் தலை, ஆக்டோபஸ் கைகள், அவரும் கலப்பு மிருகம்தான். மேற்கு ஜப்பானின் கடலோர நாட்டுப்புறக் கதைகளில் உஷிஓனி என்று வருபவரின் வழித்தோன்றல். எஹிமேயின் உவாஜிமாவில் ஜூலைத் திருவிழாவில் நீண்ட கழுத்தும் அரக்க முகமுமாகப் பெரிய உஷிஓனிகளை இளைஞர்கள் தோளில் சுமந்து வீதி வீதியாக ஆட்டிக்கொண்டு போவார்கள். பயமுறுத்தும் முகமே வீட்டைக் காக்கும் என்பது அங்கே நம்பிக்கை.

கியூகியின் கலப்புக்கு உபயோகம் இருக்கிறது. கியூகியைத் தன்னுள் வைத்திருக்கும் கில்லர் பீயைப் பிடிக்க வந்த சாசுகே தூக்கிக்கொண்டு போனது வெறும் ஆக்டோபஸ் கால், நிஜ கில்லர் பீ தப்பித்துவிட்டார், ஞாபகம் இருக்கிறதா? உறுப்பை வெட்டிக் கொடுத்துவிட்டு ஆள் போய்விடலாம். எங்கே எந்த உறுப்பு, எதற்கு என்று பார்த்தவுடன் புரிந்துவிடும் மிருகம் அவர். நுயே அப்படிப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மிருகம் இல்லை, இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்த முடியாது என்பதுதான் என் வாதம்.

மே 24

கடைசியில் சுமிரே நுயேவைக் குட்டியாக வரவழைத்து வைத்துக்கொள்வது பலருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. "ஊரை அழிக்க வந்ததைச் செல்லப்பிராணி ஆக்கிவிட்டார்கள்." நான் உடன்படமாட்டேன். நுயே இருக்கும் வேற்றுவெளியில் சுமிரேயோடும் போருதோவோடும் அவன் நண்பன் மித்சுகியோடும் நடந்ததை இன்னொரு தடவை பாருங்கள். அழிவுக்காக உண்டாக்கப்பட்ட மிருகம், தன்னிடம் பாசமாக இருந்த ஒரே ஆளைக் காப்பாற்றித் திருப்பி அனுப்புகிறது. யோரிமசாவின் அரண்மனையில் யாரும் அதனிடம் பேச முயலவில்லை. செயாமியின் துறவி பேசினார், ஆனால் செத்த பிறகு. சுமிரே உயிரோடு இருக்கும்போதே பேசினாள். அதற்குப் பிறகு அது குட்டியாக வராமல் வேறு எப்படி வரும்?

மே 24, சற்றுக் கழித்து

ஓவியம் கேட்டவருக்கு: தொரியாமா செக்கியென் 1779இல் வெளியிட்ட பூதத் தொகுப்பில் நுயே இருக்கிறது. குனியோஷியும் வரைந்திருக்கிறார். யோஷிதோஷியின் 1890ஆம் ஆண்டு அச்சில் இ நோ ஹயத்தா மிருகத்தோடு மல்லுக்கட்டுவது இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். ஷிஷியோ என்று வழங்கும் வாள் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எப்போதும் காட்சியில் வைத்திருக்க மாட்டார்கள், போவதற்கு முன் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நோ நாடகம் பார்ப்பதாக இருந்தால் ஹெய்கேயின் அந்த அத்தியாயத்தை மொழிபெயர்ப்பிலாவது படித்துவிட்டுப் போங்கள், சில பக்கங்கள்தான்.